தும்மாத ஒரே ஆள்

பெரியநாயக்கன்பாளையம்
ஞாயித்துக்கிழமை

அன்புக் கண்ணு கிருபாசங்கருக்கு,

இங்க நானும் உங்கப்பாவும் சொகமா இருக்கறோம், அங்க டப்ளின்ல நீயும் மருமக வர்ஷினியும் சளி காச்சல் இல்லாம சொகமா இருக்கணும். போன்ல பேசலாம்னா உங்கப்பா அதைப் புடுங்கிக் கொல்லையில காச்ச பப்பாளியைக் காட்டறதுலயே நேரம் போயிருது, அதான் காயிதத்துல எழுதறேன்.

எம்பட பல்லு சங்கதி உனக்குப் பாதிதான் தெரியும். கழட்டி மாட்டற பல்லு வேண்டாம், எலும்புல திருகாணி எறக்கி நிக்க வெக்கற இம்ப்ளான்ட்டே போட்டுக்கோனு நீதான சொன்ன. ஆடி மாசம் வலது பக்கம் கீழ எறக்குனாங்க. ஒண்ணரை மாசங் கழிச்சுப் போனா டாக்டர் தேஜஸ்ரீ ஒரு சின்ன மிஷினை வெச்சுப் பாத்துட்டு, எலும்பு இன்னும் சரியாப் புடிக்கலைங்கம்மானு மொகத்தைச் சுருக்குனாங்க. பீடி சிகரெட்டு பழக்கம் உண்டுங்களாம்மானு கேட்டாங்க, இல்லைங்கனேன். வெத்தலை பொகையிலைன்னாங்க, வாயைத் தொறந்து காட்டுனேன், ஒரு கறை இல்லை. அப்ப ஊட்டுல யாராச்சும் பொகை புடிக்கறாங்களான்னாங்க. பக்கத்துல நின்ன உங்கப்பா தலையைக் குனிஞ்சுட்டாரு.

அன்னிக்குப் புடிச்சேன் பாரு உங்கப்பாவை. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்டு, அதுவும் கேட்டுக்கு வெளியில நின்னு குடிக்கற மனுசன். உங்களாலதான் எம்பட எலும்பு புடிக்கலைனு பஸ்ஸுல நாலு பேரு கேக்கச் சொல்லிப்போட்டேன். பக்கத்து ஊட்டு ஃபர்சானாகிட்டயும் சொன்னேன், உங்க பெரியம்மாகிட்டயும் சொன்னேன். அவரு சிகரெட்டுப் பொட்டியைக் குப்பையில போட்டாரு. மொத வாரம் கடலை மிட்டாயாத் தின்னுட்டு, டிவியில செய்தி படிக்கற பிள்ளைகிட்டச் சண்டை போட்டுட்டு, பஸ் ஸ்டாப்புக்கு ஒரு வேலையும் இல்லாம நாலு தடவை நடந்துட்டு வந்தாரு. நானும் பெருமையா எல்லார்த்துகிட்டயும் நாந்தான் நிறுத்த வெச்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

இப்பச் சொல்றதை நிதானமாப் படி கண்ணு. நான் மூக்குப்பொடி போடறவ. நீ பொறக்கறதுக்கு முந்தி சிங்காநல்லூர் மில்லுக்குப் போனப்ப ராத்திரி ஷிப்டுல தூக்கம் வராம இருக்கப் பழகுனது. மில்லை மூடுனதோட நிறுத்திட்டேன்னு உங்கப்பா நெனச்சுட்டு இருந்தாரு. நான் நிறுத்தலை, டப்பியை மஞ்சத்தூள் டப்பாவுக்குப் பொறகால வெச்சுட்டேன், அவ்வளவுதான். டாக்டரம்மா பீடி கேட்டாங்க, வெத்தலை கேட்டாங்க, மூக்கைக் கேக்கலை. நானும் சொல்லலை.

எலும்புக்கு ஒத்தாசையா இருக்கும்னு வாரத்துக்கு ரெண்டு தடவை லேசர் காட்டுனாங்க. பேனா மாதிரி ஒண்ணு, செவப்பா வெளிச்சம், சூடும் இல்லை வலியும் இல்லை. எல்லார்த்துக்கும் கலர் கண்ணாடி மாட்டி உட்டுருவாங்க. மூணாவது தடவை போனப்ப, வாய் தொடைக்க இடுப்புல இருந்து கைக்குட்டையை உருவுனேன். கூடவே சொருகி வெச்சிருந்த பொடி டப்பி வந்து மூடி கழண்டு விழுந்துருச்சு. மேல ஏசி காத்து, பொடி ரூமெல்லாம் பறந்துச்சு. மொதல்ல டாக்டரம்மா தும்முனாங்க, அப்பறம் நர்சு புள்ள, அப்பறம் உங்கப்பா. கண்ணாடி மாட்டுன மூணு பேரும் மாத்தி மாத்தித் தும்மறாங்க, லேசரை அணைக்கக் கூட முடியலை. அந்த ரூமுல தும்மாத ஒரே ஆளு நாந்தான். அதுலதான் மாட்டிக்கிட்டேன்.

டாக்டரம்மா கண்ணைத் தொடைச்சுட்டு, மூக்கு வழியாப் போனாலும் அது நிக்கோட்டின்தானுங்க, ரத்தக் குழாயைச் சுருக்கிப்போடும், எலும்புக்கு வர்ற ரத்தம் கொறஞ்சுரும்னாங்க. "வாய்க்காலை அடைச்சுப்போட்டு மோட்டரைப் போட்டா பயிருக்குத் தண்ணி எப்படிங்கம்மா போகும்?" அவங்களும் அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்காரங்கதான். நான் உங்கப்பா மொகத்தைப் பாக்கவே இல்லை.

பஸ்ஸுல ஊருக்கு வந்தோம். எறங்குனதும் உங்கப்பா நேரா பாலுசாமி பொட்டிக்கடைக்குப் போனாரு. சிகரெட்டு வாங்கப் போறாரு, தடுக்க எனக்கு வாய் ஏதுன்னு ரோட்டோரமா நின்னேன். ரெண்டு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கியாந்து ஒண்ணை எங்கையில வெச்சாரு.

"மொத வாரம் இதுதான் கை குடுக்கும் அம்மணி. எடது பக்கமா மெல்லு."

அதுக்கு அவரு நல்லா நாலு திட்டு திட்டியிருக்கலாம். ஊடு வந்து சேர வரைக்கும் அழுதேன். டப்பியை அவரு கண்ணு முன்னாலயே சாக்கடையில கொட்டுனேன். அடுத்த பத்து நாள் தலை உடையற மாதிரி வலி, காப்பியில உப்பைப் போட்டேன், கேஸ் கொண்டாந்த மனுசனைக் காரணமே இல்லாமத் திட்டிப்போட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஃபர்சானாகிட்டயும் உங்க பெரியம்மாகிட்டயும் போயி தப்பு எம்மேலதான்னு நானே சொல்லிட்டு வந்தேன், அது தலைவலியை விடக் கஷ்டமா இருந்துச்சு. மூணு மாசங் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, நல்லாப் புடிச்சுருச்சாம். போன வியாழக்கெழமை பல்லும் மாட்டியாச்சு. லேசரா, பொடியை உட்டதா, எதுங்க வேலை செஞ்சுதுன்னு கேட்டேன். இத்தனைக்கு இத்தனைன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா, ஆனா பொடியை மறுபடி தொட்டா லேசர் வந்து காப்பாத்தாதுன்னாங்க.

இன்னொண்ணு கண்ணு. நீ போன தடவை உட்டுட்டுப் போன ஜாக்கெட்டைத் தொவைக்க எடுத்தப்ப பாக்கெட்டுல பென் டிரைவ் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. உங்கப்பா அதை டிவியில சொருகிப் பாத்தாரு, படம் வரலை. மோந்தா மாம்பழ வாசம். டாக்டரம்மாகிட்டக் காட்டுனேன், மொதல்ல சிரிச்சாங்க, அப்பறம் இது கரண்டு சிகரெட்டுங்க, இதுலயும் அதே நிக்கோட்டின்தானுங்கனு சொன்னாங்க. உன்னைத் திட்டற யோக்கியதை எனக்கு இல்லை, திட்டவும் மாட்டேன். வர்ஷினிகிட்ட நான் மூச்சு உடலை, நீயே சொல்லிரு, நான் மறைச்ச மாதிரி மறைக்காத.

மருதமலை முருகன் உங்க ரெண்டு பேரையும் நோய் நொடி அண்டாமக் காப்பாத்தட்டும். குளிருல தலைக்குக் குல்லா போடு. அந்த மாம்பழச் சங்கதியை உடறதுக்கு உனக்கு என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு எனக்குப் போன் பண்ணு கண்ணு. தலைவலி எத்தனாவது நாள் ஜாஸ்தி, எத்தனாவது நாள் கொறையும்னு அம்மா சரியாச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
ரெண்டு பக்கமும் மெல்லுற உன் அம்மா
மயிலாத்தாள்