பெயரை மாற்றலாம், தேதி மாறாது

இன்று காலை எனக்குப் புதுக் கணினி வந்தது. பொருத்த வந்தவர், பழையதிலிருந்து ஏற்றிய மென்பொருள்களைப் பார்த்து, "இந்த டெக்ஸ்ட் எடிட்டர் எதுக்கு மேடம்? ஃபைல் தேடத்தான் மவுஸ் இருக்கே" என்று அதை நீக்கப் போனார். "அதுல கை வைக்காதீங்க" என்றேன். என் அதட்டல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போனதும், நீ காட்டித் தந்தபடி எடிட்டருக்குள்ளேயே ஒரு ஃபோல்டரைத் திறந்தேன். கறுப்புத் திரையில் கோப்புகள் வரிவரியாக வந்து நின்றன. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் நாம் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் ஒவ்வொரு கோப்பாக வலது பொத்தானை அழுத்திப் பெயர் மாற்றிக்கொண்டிருப்பேன். நீ பொறுக்க மாட்டாமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவாய். "ஏளா, இது வெறும் எழுத்துதான். கடுதாசியத் திருத்துத மாதிரி திருத்து." முந்நூறு பெயர்களில் இருந்த ஒரு பிழையை ஒரே கட்டளையில் மாற்றிச் சேமித்தாய், கோப்புகளின் பெயர்களும் அப்படியே மாறின. சேமிக்கும் முன் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசிக்கச் சொல்வாய். சந்தேகம் வந்தால் சேமிக்காமல் வெளியேறிவிடலாம், எதுவும் கெட்டுப்போகாது.

உன் வேகத்தை நம்பித்தான் மேனேஜர் உன்னிடம் வந்தார். சாமான் வைக்கும் பழைய கன்டெய்னரின் கதவு விழுந்து, கீழவைப்பாரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் கால் நசுங்கியிருந்தது. அவருடைய கவனக்குறைவு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்தக் கதவின் கீல் விட்டுப்போயிருக்கிறது என்று விபத்துக்கு முன்பே ஒரு மாதமாக வாராவாரம் நீ அறிக்கை எழுதியிருந்தாய். நான்கு கோப்புகள். ஒவ்வொன்றின் பெயரிலும் தேதி இருந்தது.

"நாலையும் விபத்துக்கு அப்புறமான தேதிக்கு மாத்திரும்மா. உனக்கு ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷங்கூட ஆகாது சார். ஆனா நான் மாத்தமாட்டேன்."

"அப்ப வேற வேலை பாத்துக்கோ."

"அத எழுத்துல தாங்க சார்."

அவர் தரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் அவரே பெயர்களை மாற்றிவிட்டார். விசாரணைக்கு வந்த அதிகாரி, விபத்துக்குப் பிறகு எழுதியதாகத் தெரிகிறதே என்று கேட்டார். நீ எழுந்துபோய் எடிட்டரில் அந்த ஃபோல்டரைத் திறந்தாய். "பேரப் பாக்காதீங்க சார். பக்கத்துல இருக்க தேதியப் பாருங்க. கடைசியா எழுதினது எப்பன்னு அதுதான் சொல்லுது. பேர மாத்தினா அது மாறாது." பெயரில் ஒரு தேதி, பக்கத்தில் அதற்கு முந்தைய தேதி. நான்கு வரியிலும் அப்படியே.

"கம்ப்யூட்டர் தேதி தப்பாவும் காட்டும்" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "இல்ல சார். அந்தந்த வாரமே எனக்கும் மெயில்ல அனுப்பியிருக்கா. எங்கிட்ட இருக்கு." நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கால் நசுங்கிய அந்த அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தார். "எம் மேல தப்பில்லன்னு ஊர்ல சொல்லிட்டேன் தங்கச்சி" என்றார். உன் மேசையைத்தான் காற்றாடி இல்லாத ஸ்டோர் ரூம் பக்கம் தள்ளினார்கள். நீ ராஜினாமா செய்வாய் என்று காத்திருந்தார்கள். "நான் எதுக்குப் போவணும்? தப்பு செஞ்சவரு போவட்டும்" என்றாய். நோய் வந்து தலைமுடி உதிர்ந்த பிறகும், ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மில்லர்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாய். மேனேஜர்தான் முதலில் மாற்றலாகிப் போனார்.

உன்னை எடுத்துப் போன அன்று, "அடங்காத பொம்பள" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "ஆமா, அடங்கலதான்" என்றேன், நாலு பேருக்குக் கேட்கும்படி.

நீ சொன்ன எதையும் நான் எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. இப்போது இந்த அறையில் இருக்கிற மூன்று பெண்களுக்கும் அந்தக் கறுப்புத் திரையை வாசிக்கத் தெரியும். எங்களில் யாரை எந்த மூலைக்குத் தள்ளினாலும், மிச்சமிருப்பவள் எழுந்துபோய்த் திறந்து காட்டுவாள்.