பாப்கார்ன் அட்சதை

அண்ணி,

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருந்தது. அந்த வெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகத் தனியாக உட்கார்ந்து சிரிக்கிற பொம்பளையை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருக்கிறது.

கோலியனூரில் நம் பெரியப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். முடித்துக்கொண்டு திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கே இன்று காலையில் நடந்த ஒன்றை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் “அதுக்கு இன்னா இப்போ?” என்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் பழைய கதையை ஒருமுறை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் புகுந்து “அப்படி இல்ல கலா” என்று திருத்த இந்தத் தடவை உங்களால் முடியாது.

உங்கள் இயர்ஃபோனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மீனா படிப்பு முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும், மகளுடைய பழைய ஃபோன் உங்கள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து, விழுப்புரத்து வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக் கடலையை எடுக்கிறபோதெல்லாம் உங்கள் காதில் ஒயர் தொங்கியது. சாமிப் பாட்டு கேட்கிறீர்கள் என்று தெருவே நம்பியது. நானும் நம்பினேன், ஒருநாள் ஒரு பக்கத்தைப் பிடுங்கி என் காதில் செருகிப் பார்க்கும்வரை. அம்மாடி! எலெக்ட்ரிக் கிட்டார் மண்டையைப் பிளந்தது. அந்த இரைச்சலின் நடுவிலிருந்து ஒரு நாதஸ்வரம் எழும்பி வந்தது.

“இன்னாண்ணி இது? ராக்கா, கச்சேரியா?”

“ரெண்டும்தான். கம்முனு கேளு.”

அந்தக் குழுவில் கிட்டார் வாசிக்கிற நீளமுடிக்காரனுக்கு நீங்கள் வைத்த பேர் சடையாண்டி. தவில் வாசிக்கிறவர் நம்மாளு. அவர்கள் புதுசாக எதையாவது வெளியிட்டால் எனக்குப் பொழுது விடிவதற்குள் ஃபோன் வந்துவிடும். “சடையாண்டி இன்னிக்கி பேஜாரு பண்ணிக்கினான் கலா. நம்மாளு வந்துதான் காப்பாத்துனாரு.” என் பையன் பள்ளிக்கூடத்தில் ‘எங்க மாமி ராக் கேக்கறாங்க’ என்று சொல்லி யாரும் நம்பாமல் அழுதுகொண்டு வந்தான், ஞாபகம் இருக்கிறதா?

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருமுறை கேட்டேன். உரித்த மல்லாட்டையை ஊதிக்கொண்டே சொன்னீர்கள். “இதுலதான் மேளத்த முழுசா கேக்க முடியுது. எழுந்து போவ வேண்டியதில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் போனதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டுகிற நேரத்தில் நீங்கள் முன்னால் நின்றதில்லை. போ என்று யாரும் சொன்னதில்லை. முகூர்த்தம் நெருங்கும்போது நீங்களாகவே எழுந்து, இலை போடுகிறேன், தண்ணீர் வைக்கிறேன் என்று பந்திக்கூடத்துக்குப் போய்விடுவீர்கள். அங்கே உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே வந்திருப்பார்கள். ஐயர் விரலை ஆட்டுவார், கெட்டிமேளம் கொட்டும், எல்லோரும் அட்சதை போடுவார்கள். நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இலையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஊரார் கல்யாணத்தில் அப்படி என்றால் போகட்டும். மீனாவுக்கு நிச்சயமானதும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறி வந்து என்னிடம் என்ன கேட்டீர்கள்? “நீயும் தம்பியும் நின்னு என் பொண்ண தாரை வாத்துக் குடுங்க கலா.” என் வீட்டுக்காரர் உங்களுக்குத் தம்பி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அத்தைக்காரி நான் எதற்கு என்று கத்தினேன். தோசைக்கல்லை அடுப்பில் வைத்ததையும் மறந்து கத்தினேன்.

நீங்கள் கத்தவில்லை. “நான் அழுதுடுவேன் கலா. உங்க அண்ணன் இல்லாத மேடையில என்னால அழுவாம நிக்க முடியாது. தாலி ஏர்ற நேரத்துல அழுவுற சத்தம் கேட்டா என் புள்ளைக்கு ஆவாது.”

ஊருக்குப் பயந்தால் ஊரைத் திட்டலாம். உங்கள் அழுகைக்கே நீங்கள் பயந்தால் நான் யாரைத் திட்டுவது? ஆனால் சரி என்று நான் சொல்லவே இல்லை, அதை நினைவில் வையுங்கள்.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் சடையாண்டி குழு சென்னைக்கு வந்தது. கல்யாணம் ஆகிப் போவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மீனா நம் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். விழுப்புரத்தில் நீங்கள் ரயில் ஏறி, திண்டிவனத்தில் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டி, “ஜல்தி ஏறு, எடம் புடிச்சி வெச்சிக்கினு இருக்கேன்” என்று கூவினீர்கள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நடுவயதைத் தாண்டிய ரசிகை ஒருத்தி கச்சேரிக்குப் போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியுமா என்ன? கோயிலுக்குப் போகிற மாதிரி மஞ்சள் பை வேறு.

அந்த மஞ்சள் பைதான் வாசலில் வம்பு பண்ணியது. கூரை போட்ட அவ்வளவு பெரிய விளையாட்டு அரங்கம். டாட்டூ குத்திய பிள்ளைகளும் கறுப்புச் சட்டைகளுமாக வரிசை. மீனாவுக்கு ஷிஃப்ட் இருந்ததால் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பையைச் சோதித்த பெண், புளிசாத டப்பாவை உள்ளே விடமாட்டேன் என்றாள். “அப்ப நீ துன்னும்மா, காத்தாலேருந்து நின்னுக்கினே இருக்கியே” என்று அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தீர்கள். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உள்ளே பசித்தபோதுதான் பாப்கார்ன் வாங்கினோம். “சோளப்பொரிக்கு இம்மாம் பெரிய டப்பாவா?” என்று அதை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “நெஞ்சுக்குள்ள மல்லாட்டை மிஷின் ஓடுது கலா!” உண்மைதான். எனக்கும் உள்ளே ஏதோ அரைபட்டுக்கொண்டிருந்தது. மேடையில் சடையாண்டி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் பட்டு வேட்டியும் கடுக்கனுமாக நாதஸ்வரக்காரர். பின்னால் டிரம்ஸ். நம்மாளு விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு தவிலோடு வந்து உட்கார்ந்தபோது, நீங்கள் எழுந்து நின்று கும்பிட்டீர்கள். பின்னால் இருந்த பையன் “ஆன்ட்டி, மறைக்குது” என்றான். “கண்ணால பாக்கவா வந்த? காதத் தொறந்து கேளுடா” என்றீர்கள்.

தவிலும் டிரம்ஸும் மாறி மாறிச் சண்டை போட்டன. இவர் ஒன்று வாசிக்க, அவன் அதையே திருப்பி வாசிக்க, ஏறிக்கொண்டே போயிற்று. சட்டென்று எல்லாம் நின்றது. நாதஸ்வரம் மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாடகர் முன்னால் வந்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி, டிரம்ஸ்காரரைப் பார்த்து ஆட்டினார்.

அவ்வளவுதான். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று நீங்கள் கூவிக்கொண்டு எழுந்தீர்கள். அதே கணத்தில் தவில், டிரம்ஸ், கிட்டார், எல்லாம் சேர்ந்து இடித்தது. நெஞ்சோடு அணைத்திருந்த டப்பாவுக்குள் கை தானாகப் போயிற்று. அட்சதை என்று நினைத்துவிட்டீர்கள். டப்பாவிலிருந்த பாப்கார்னை அள்ளி அள்ளி முன்வரிசைத் தலைகள்மேல் போட்டீர்கள்.

மானம் போயிற்று என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. முன்னால் இருந்த பையன் திரும்பினான். தலைமுடியெல்லாம் சோளப்பொரி. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவனோ “செம, ஆன்ட்டி!” என்று கத்திவிட்டு, தன் டப்பாவை எடுத்து அவனுக்கு முன்னால் இருந்தவர்கள்மேல் கொட்டினான். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று அந்தப் பக்கமே எழுந்து நின்று கூவியது. பாப்கார்ன் மழையாகக் கொட்டியது. நானும் கூவினேன், எனக்கென்ன.

உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கூவவில்லை. வாயைத் திறந்து, தொண்டை நரம்பு புடைக்க, அழுதுகொண்டிருந்தீர்கள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நீங்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தோளோடு தோள் நிற்கிற எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அன்றைக்கு மீனாவின் அறையில் படுத்துவிட்டு மறுநாள் காலை ரயிலில் திரும்பினோம். ஒலக்கூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

“நேத்து நான் அழுதது உனக்குக் கேட்டுச்சா?”

“இல்லண்ணி.”

“எனக்கே கேக்கல. கெட்டிமேளம் எதுக்குக் கொட்டறாங்க சொல்லு.”

“கெட்ட சத்தம் காதுல விழக் கூடாதுன்னு. தும்மல், அழுகை...”

“அழுவுறவ தூரமாப் போயிட்டா அப்புறம் மேளம் எதுக்கு? அவ பக்கத்துலயே நிக்கறதாலதான அவ்ளோ சத்தம் வேண்டியிருக்கு?”

திண்டிவனம் வந்ததே தெரியவில்லை. “எறங்கு, எறங்கு, வண்டி எடுத்துடப் போறான்” என்று நீங்கள்தான் தள்ளிவிட்டீர்கள். நடைமேடையில் நின்று நான் ஜன்னலைப் பார்க்க, நகர்கிற ரயிலிலிருந்து சொன்னீர்கள். “தாரைக்கு நானே நிக்கறேன்னு தம்பிகிட்ட சொல்லிடு!” வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் அழுதேன், சந்தோஷத்தில்.

கல்யாணத்தன்று விழுப்புரத்து மண்டபத்தில் நீங்கள் மேடை ஏறினீர்கள். பெரியப்பா படியருகே வந்து, “பந்தியப் பாக்கப் போவலியாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டியது தன் கடமை என்று நினைத்துக் கேட்டார்.

“பந்தி எங்கியும் ஓடிடாதுங்க மாமா. பொண்ணுதான் போவப் போறா.”

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயர், “நாழியாறது, யாராவது ஜலத்தை விடுங்கோ” என்று அவசரப்பட்டார். சொம்பை நான் எடுத்துக் கொடுக்க, மீனாவின் கைமேல் நீங்கள் தண்ணீர் வார்த்தீர்கள். தாலி எடுத்துக் கொடுத்ததும் ஐயர் விரலை உயர்த்துவதற்கு முன்பே உங்கள் விரல் உயர்ந்துவிட்டது. “கெட்டிமேளம்!” மண்டபம் அதிர்ந்தது. நீங்கள் அழுதீர்கள், வாய்விட்டு. மீனாவுக்குக்கூடக் கேட்கவில்லை. பெரியப்பா கையில் அட்சதையை வைத்துக்கொண்டு, போட மறந்து, உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மீனாவுக்குப் பையன் பிறந்து, அவன் காதிலும் இயர்ஃபோனைச் செருகப் பார்த்து அவளிடம் திட்டு வாங்கிவிட்டுத்தான் போனீர்கள். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு எனக்கு இன்னும் உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அது குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. எந்தக் கல்யாணமானாலும், முகூர்த்தம் நெருங்கும்போது பந்திக்கூடத்துக்குள் நுழைவேன். தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டு நிற்கிறவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். “வாணாம் கலா, நல்ல நேரத்துல” என்பார்கள். உங்கள் ரயில் பேச்சைச் சொல்லுவேன். சிலர் வருவார்கள். சிலர் கையை உதறிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் எனக்குப் பந்தி போலீஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

இன்று காலையில் கோலியனூரிலும் அப்படித்தான் போனேன். கூடத்தில் இலை போட்டிருந்தது. தண்ணீர் பாட்டில் வைத்திருந்தது. ஒரு ஆள் இல்லை. சமையல்காரர் மட்டும் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, இங்க நிக்கறீங்க? அங்க தாலி கட்டறாங்க.”

“இங்க இருந்தவங்கள்லாம் எங்கங்க?”

“பெரியவரு வந்தாரும்மா, பொண்ணோட தாத்தா. ‘நல்லது நடக்கறப்ப இங்க இன்னா வேல உங்களுக்கு’ன்னு திட்டிக்கினே அல்லாரையும் முன்னாடி இட்டுக்கினு பூட்டாரு.”

நம் பெரியப்பா, அண்ணி! நம் பெரியப்பாதான்!

நான் ஓடுவதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தவில் கேட்டது. நாதஸ்வரம் தேய்ந்து இழையாகத்தான் வந்தது. அது சுவரைத் தாண்டி முழுசாக வருவதில்லை. இத்தனை வருடம் நீங்கள் கேட்டது பாதி மேளம்தான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் காலிக் கூடத்தில், போட்ட இலைகளுக்கு நடுவில், வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். அங்கே அழுவதற்கு என்னைத் தவிர ஒருத்தியும் மிச்சமில்லை.