தொந்தரவு செய்யாத மனைவி

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை

நூலாசிரியர் முருகவேல் அவர்களுக்கு, அவருடைய மனைவி அருணாதேவி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? சென்னையில் வரிசையில் நின்று கையெழுத்து வாங்குகிறார்களாமே. தைலத்தை மறக்காமல் தேயுங்கள்.

போனில் பேசினால் ஏதாவது சமாதானம் சொல்லி மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நாமே அச்சிட்ட புத்தகத்தின் நன்றிப் பக்கத்தை நேற்றுதான் படித்தேன். அச்சகத்து மணிக்கு நன்றி. அடி அண்ணாமலையில் டீ கொடுத்த சடையனுக்கு நன்றி. கடைசியில், 'எழுதும்போது தொந்தரவு செய்யாத என் மனைவிக்கு' என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. செங்கம் சாலையில் வண்டியோடு விழுந்து நீங்கள் கையை உடைத்துக்கொண்ட நாலு மாதமும், சொல்லச் சொல்ல எழுதியது யார்? சரி, அதை விடுங்கள். சடையனின் டீ நன்றாகத்தான் இருக்கும்.

ஏழாம் அத்தியாயத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. நம் மகள் தென்றல் போனதைச் சொல்ல வாய் வராமல், பௌர்ணமியன்று மத்தியானம் மலை சுற்றக் கிளம்பிவிட்டீர்கள். பதினான்கு கிலோமீட்டர் நடந்து நீங்கள் திரும்புவதற்குள் நானே எழுதி வைத்தேன். படித்துவிட்டு அழுதீர்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் என்னிடமே வந்து, "உன் வீட்டுக்காரரு பெத்தவ மனசு தெரிஞ்சி எழுதிட்டாருமா, ஜாஸ்தி அழுதுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். யூடியூப் பேட்டியில் கேட்டபோது நீங்கள், மலையைச் சுற்றும்போது அது தானாக வந்தது என்றீர்கள். பாதியிலேயே அணைத்துவிட்டேன்.

தென்றல் போன அன்றைக்கு நீங்கள் வேலூரில் இருந்தீர்கள். காய்ச்சலோடு பள்ளிக்குப் போவேன் என்று அடம்பிடித்த பிள்ளைக்கு ரெட்டைப் பின்னல் போட்டேன். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் பின்னுவதற்குள் மடியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அத்தியாயத்தில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக எழுதினேன். இல்லாமல் போனோமே என்று ஆறு வருடமாக நீங்கள் புழுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் செய்தது அது.

இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். என் பெயரைப் போட வேண்டாம், நன்றியும் வேண்டாம். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு எல்லாப் புகழும் வரட்டும், மனதார வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அவள் முடியைக் கையில் பிடித்திருந்தது நான் மட்டும்தான். அதையாவது என்னிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தென்றலின் அம்மா