நீலப் பசை ஒட்டிய கடிதம்

இன்று உன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. காசிரங்காவிலிருந்து. உள்ளே வழவழத் தாளில் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம், இடுப்பளவு புல்லில் நின்றுகொண்டு, கணக்கு வாத்தியார் மாதிரி என்னை முறைக்கிறது. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று பக்கத்தில் திரும்பினேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. என் கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை.

தபால்கார அண்ணாச்சி கவரை உடனே தரவில்லை. "திருப்பி அனுப்பிரட்டுமாடே?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. எங்கிட்டயே குடுங்க" என்றேன்.

எப்போதும் உன் கவர்கள் என் வீட்டு விலாசத்துக்குத்தானே வந்தன. உன் அப்பாவுக்குப் பயந்து நாம் செய்த ஏற்பாடு. நம் கரிசலில் காடு என்றால் பருத்திக்காடு, கம்மங்காடு. மரமே இல்லாத காடு. மரம் உள்ள காட்டைப் பார்க்கணும் என்று நீ ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதற்கு, "காட்டுக்குத்தான போணும்? போ, மொளகாச் செடிக்குள்ள களை மண்டிக் கெடக்கு" என்று அவர் களைக்கொத்தியைக் கையில் கொடுத்தார். அதன்பிறகுதான் நீ படம் கேட்டுக் கார்டு எழுத ஆரம்பித்தாய். கிர், கன்ஹா, பந்திப்பூர், தேக்கடி என்று எங்கெல்லாம் காவல் போட்டுக் காட்டை வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் உன் கார்டு போனது.

"காட்டுக்குக் கார்டு போடுத ஒரே ஆளு நீதாம்ல. புலி பதில் போடுமா?" என்பேன்.

"புலிக்கு கிளார்க் இருப்பாருல்லா, அவரு போடுவாரு" என்பாய்.

போட்டார்களே! மான், யானை, ஏரி என்று எத்தனை படங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது, முதலில் பக்கத்திலிருக்கும் முண்டந்துறை என்று பேசி வைத்திருந்தோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஐப்பசியில், பிய்ந்த செருப்பு ரப்பரில் வனத்துறை முத்திரை வெட்டி உனக்கு ஒரு கடிதம் தயாரித்தேன். கவரை ஒட்டியது அம்மா தீப்பெட்டிக் கட்டு ஒட்டக் காய்ச்சிய பசையால். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவதால் காய்ந்த பிறகும் அதில் ஒரு நீலம் நிற்கும். உன் ஆர்வத்தை மெச்சி முண்டந்துறைக்கு அழைத்துப் போகிறோம், ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பச்சைச் சட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கவும், ஜீப் வரும் என்று எழுதியிருந்தேன்.

"ஏலே, நீ எழுதுனதா?" என்று கேட்டாய். "சத்தியமா நான் இல்லல" என்றேன். நம்பினாய்.

உன் அண்ணனின் பச்சைச் சட்டை, தோள் தொங்கியது. பதினொரு மணி வரை வந்த ஜீப்புக்கெல்லாம் கை காட்டினாய். சோடாக் கடைக்குப் பின்னால் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வெளியே வந்து சலாம் போட்டேன். நீ பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாய்.

"கடம்பூர் போளி. டிரைவருக்குன்னு வாங்குனேன். நீயே தின்னு."

தின்றேன். வெட்கமில்லாமல் இரண்டு.

மார்கழியில் நிஜக் கடிதம் வந்தது. பொங்கல் விடுமுறையில் முண்டந்துறை ஓய்வு விடுதியில் இரண்டு நாள், இரண்டு பேருக்கு அனுமதி. என்னிடம்கூடச் சொல்லாமல் நீ எழுதிக் கேட்டிருக்கிறாய். வழியில் மழையில் நனைந்து கவர் வாய் பிளந்திருந்ததாம். பாவம், உள்ளிருப்பது விழுந்துவிடக் கூடாதே என்று தபால்கார அண்ணாச்சி எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பசை வாங்கி ஒட்டியிருக்கிறார். எங்கள் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் அதே பசைதான். இதெல்லாம் அவர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ முத்திரையைப் பார்க்கவில்லை. கவர் ஓரத்து நீலத்தைத்தான் பார்த்தாய்.

"ஏலே, ரெண்டாவது தடவையுமா?"

"சத்தியமா நான் இல்லல!"

"போன தடவையும் இதே சத்தியந்தான். வேற சத்தியம் இருந்தாக் கொண்டா."

முத்திரை அசல் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். நம்பாமல் போனாயே என்ற வீம்பில், "போகாட்டிப் போ" என்றேன். கடிதத்தை என் மேலேயே வீசினாய். பொங்கல் வந்தது, போனது.

பங்குனியில் உனக்கு மஞ்சள் காமாலை. பார்க்க வந்தபோது உன் கண்ணைப் பார்த்து, "ஏலே, நீயே புலியா ஆயிட்டியே" என்றேன். சிரிக்கக்கூட உனக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பார்த்தபடி கேட்டாய்:

"அந்த ரெண்டாவது லெட்டரு... நெசமாவே ஒன்னுது இல்லயால?"

அதற்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். உன் கை மணிக்கட்டு குச்சி மாதிரி பாயில் கிடந்தது.

"என்னுதுதாம்ல" என்றேன்.

"தெரியும். பசை காட்டிக் குடுத்துட்டுல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டாய். முகத்தில் ஜெயித்த களை. அடுத்த வாரம் நீ இல்லை.

ஆனியில் தனியாக முண்டந்துறைக்குப் போனேன். மலை முழுக்கப் பச்சை. நம் கண்ணுக்குப் பழக்கமில்லாத பச்சை. ஆற்றுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. படத்தில் சத்தம் இல்லை, தெரியுமா? விடுதிக் காவல்காரர் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"எங்க ஆபீஸ் லெட்டருதான். ரெண்டு நாளும் ரெண்டு பேருக்குச் சோறாக்கி வச்சிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஏந் தம்பி வரல?"

"பஸ்ஸ விட்டுட்டோம்" என்றேன்.

காசிரங்காவை உன் மற்ற படங்களோடு சேர்த்து வைத்துவிட்டேன். அதற்கு மேல் இந்த மடலையும் வைப்பேன். அந்த இரண்டாவது கடிதம் என்னுடையது இல்லைல. உனக்காக அங்கே சோறு காத்திருந்தது.

அம்மாவின் பசைச் சட்டி கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் தொடவில்லை. இந்தக் கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுகிறேன். ஓரத்தைப் பார், நீலம் இருக்காது.