நடுவில் ஒரு சாண் கறுப்பு

மே 6

அறுத்துப் பார்க்காமல் ஒரு நூல் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை. துணிச் சோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அங்கே எல்லாவற்றையும் அறுத்துத்தான் பார்த்தோம். அறுந்தபின் எண் கிடைக்கும், துணி கிடைக்காது.

இன்று குழாயில் தண்ணீர் வராத நாள். தறியில் உட்காரப் பிடிக்காமல் பின்பக்கம் பயற்றங்கொடிக்குக் கம்பு நட்டேன். கட்டுவதற்குப் பாவு மிச்சத்தை எடுத்துப்போனேன். துணியை வெட்டி இறக்கியபின் தறியில் தொங்கி நிற்கும் அரை முழ நூல்களை நான் எறிவதில்லை. பழுப்பு நூல் நன்றாகக் கட்டியது. கறுப்பு நூலை முடிச்சுப் போட்டு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. இன்னொன்று, அதுவும் அப்படியே. ஏழு இழைகளைச் சேர்த்து இழுத்தேன். காய்ந்த புல் மாதிரி.

சாயக்கிழங்கை அரைத்து ஊறவைத்தால் பழுப்பு. அதே நூலை இரும்புநீரில் முக்கினால் கறுப்பு. இரும்புநீர் புளிப்பு, நூலில் தங்கினால் பருத்தியைத் தின்றுவிடும். அதனால் ஒன்பது தண்ணீரில் அலச வேண்டும். பிப்ரவரி கடைசியில், தண்ணீர் நிறுத்தம் தொடங்கிய வாரம் சாயம் போட்டேன். நான்காவது அலசலில் குழாய் நின்றது. அலசிய நீர் தெளிவாகத்தான் இருந்தது. போதும் என்று காயப்போட்டேன்.

போதும் என்று யார் சொன்னது? நான்தான்.

மிச்ச நூலை ஊறவைத்த நீரில் சோதனைத் தாளை நனைத்தேன். தாள் சிவந்தது, புளிப்பு இன்னும் நூலிலேயே இருக்கிறது.

அந்தப் பாவில் இரண்டு துணிகள் நெய்தேன். இரண்டுக்கும் ஓரங்கள் பழுப்பு, நடுவில் ஒரு சாண் கறுப்பு. குழந்தையை முதுகில் வைத்துக் கட்டினால் அதன் பிட்டம் உட்காரும் இடம் அதுதான். ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று வெளியே, யாரோ ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு.

மே 7

யூ-ஷுவானிடம் போனில் பேசினேன். குழந்தையைத் துணியில் கட்டிச் சுமக்க இளம் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். என் துணிகளைச் சுற்றுக்கு விடுவதும் அவள்தான். புது வகைத் துணியை விற்பதற்கு முன் ஒன்றை ஏழு அம்மாக்களுக்கு அனுப்புவோம், ஆளுக்கு ஒரு வாரம். கூடவே ஒரு நோட்டும் போகும். எப்படி இருந்தது என்று எழுதி, இரண்டையும் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

துணி இப்போது யாரிடம் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அஞ்சாவது ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்குது அக்கா. வான்-நிங். ஞாபகம் இருக்கா? குரூப்ல வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே.”

“நான் யாரையும் எதுவும் சொல்லல.”

“நீங்க ஒரு வரி எழுதினாலே போதும் அக்கா, பரீட்சையில ஃபெயிலான மாதிரி இருக்கும்.” சிரித்தாள். “பதிமூணு நாளாச்சு. ஆறாவது ஆள் என் உயிரை எடுக்கறா. வான்-நிங் போன் எடுக்கறதில்ல. மெசேஜ் பார்க்கறா, பதில் கிடையாது. உங்க துணி மேல அவ்ளோ ஆசை போல, சுருட்டிக்கிட்டா!”

நூலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய குழந்தை அழுதது, வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

குரூப்பில் பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். ஏப்ரல் 26, வான்-நிங்: “அக்கா, கறுப்புப் பக்கம் இழுத்துக் கட்டும்போது மொறுமொறுன்னு சத்தம் வருது. சரிதானா?” கூடவே ஒரு படம்: காலை உணவுக் கடை, சூடான தோசைக்கல் போன்ற பெரிய இரும்புக்கல், கையில் கரண்டி, முதுகில் குழந்தை. கீழே என் பதில்: “முடிச்சைச் சரியாகப் போட்டால் சத்தம் வராது. காணொளியை இன்னொரு முறை பார்க்கவும்.” பதினொரு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அவள் குரூப்பை விட்டு விலகியிருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை.

மே 8

கணக்குப் போட்டேன். குழந்தை எட்டு கிலோ இருக்கலாம். துணியை மூன்று சுற்றாகக் கட்டுகிறோம், பாரம் பிரிந்துவிடும். ஓரத்துப் பழுப்பு பலமாக இருக்கிறது. மிச்ச நூல் வெயில் படும் ஜன்னலருகே தொங்கியது, அதனால் அதிகம் கெட்டிருக்கலாம். துணிக்குள் இருக்கும் நூல் அவ்வளவு கெட்டிருக்காது. கெட்டிருந்தாலும் ஒரேயடியாக விடாது, முதலில் தளரும், அவளுக்குத் தெரியும்.

எல்லாம் நியாயமான வாதங்கள். சோதனைக் கூடத்துக்கு வந்த ஆலைக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

மாலையில் அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். “துணி எப்படி இருக்கிறது?” என்று மட்டும் அனுப்பினேன். பார்த்தாள். பதில் இல்லை.

மே 9

தண்ணீர் வந்தது. எதையும் துவைக்கவில்லை.

மே 10

அலமாரியிலிருக்கும் துணியை வாங்க லியூ வீட்டு அம்மா வந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நாளை மறுநாள் அதற்கு முதல் மாதம் நிறைகிறது, பெண்ணைப் பெற்ற வீட்டிலிருந்துதான் குழந்தையைக் கட்டிச் சுமக்கும் துணி போக வேண்டும். தர முடியாது என்றேன்.

“ஏன், வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?”

“இல்லை. துணி சரியில்லை.”

“எங்க, காட்டுங்க.” பிரித்துப் பார்த்தார். தடவினார். “இதுல என்ன சரியில்ல? பட்டு மாதிரி இருக்கு! அந்தச் சம்பந்தியம்மா வாயைப் பத்தித் தெரியுமா உங்களுக்கு? மாசம் நிறையற அன்னைக்கு வெறுங்கையோட போய் நின்னா, நான் செத்தபின்னாடியும் சொல்லிக்காட்டுவா.”

“அம்மா, இது கிழியும்.”

“படிச்சவங்கல்ல, எல்லாத்துலயும் சந்தேகம். பாக்க நல்லா இருக்கு, அது போதும் எனக்கு.”

ஒரு நொடி கொடுத்துவிட நினைத்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். அவர் மகள் அதைக் கட்டப்போவதில்லை, பெட்டியில்தான் வைப்பாள், நமக்கும் பேச்சு மிச்சம் என்று நினைத்தேன். பிறகு கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி மடித்தேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னது: “இவ்ளோ கர்வம் ஆகாது உங்களுக்கு.”

கர்வமாம். சரி, கர்வம்தான். வேறு எதனால் அந்தப் பதிலை எழுதினேன்?

மே 11

தே-ஷெங்கிடம் சொன்னேன். என் கணவர் பம்பு பழுது பார்ப்பவர். இந்த வறட்சியில் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. மோட்டாரைக் கழுவிக்கொண்டே கேட்டார். “சந்தேகமா இருந்தா தொங்கவிட்டுப் பாத்துர வேண்டியதுதானே. இதுக்கா அஞ்சு நாளா சோறு எறங்கல உனக்கு?”

பட்டறையில் சங்கிலி மாட்டும் உத்தரத்தில் அலமாரித் துணியைக் கட்டினோம். முதுகில் கட்டுவதுபோலவே சுற்று, அதே முடிச்சு. நடுவில் எட்டு கிலோ அரிசிப் பை. நடக்கும்போது குழந்தை குலுங்குவதுபோல் பையை ஒரு கையளவு தூக்கித் தூக்கி விட்டார் அவர். நான் எண்ணினேன்.

நாற்பது வரை ஒன்றும் ஆகவில்லை. “பாத்தியா? நீ நெய்ஞ்ச துணி அவ்ளோ சுலபமா போகாது,” என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம்பினேன். எனக்கு நம்பிக்கை எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது!

அறுபத்து மூன்றில் அந்தச் சத்தம். மொறுமொறு. காய்ந்த இலையைக் கசக்குவதுபோல.

எழுபதில் கறுப்பு முழுவதும் குறுக்கே விட்டது. தளரவில்லை, எச்சரிக்கவில்லை. பை ஒரு பக்கமாகச் சறுக்கித் தரையில் உடைந்து அரிசி சிதறியது. பழுப்பு ஓரங்கள் இரண்டு கயிறுகள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

அவற்றை அவர் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு, “அந்தக் குழந்தைக்கு எத்தனை மாசம்?”

“எட்டு.”

அரிசியைக் குனிந்து குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். நான் உதவவில்லை.

மே 12

யூ-ஷுவானிடம் எல்லாம் சொன்னேன். முதல் முறையாக அவள் சிரிக்கவில்லை. “எப்பலேருந்து தெரியும்?” என்றாள். ஆறு நாள் என்றேன். “அக்கா…” என்றாள். அவ்வளவுதான்.

குரூப்பில் எழுதினேன். சாயம், அலசல், தண்ணீர் நின்றது, எட்டு கிலோ, எழுபது. ‘வான்-நிங் சொன்ன சத்தம் உண்மை, நான் எழுதிய பதில் தவறு.’ யாரும் இதயம் போடவில்லை. என் மற்றத் துணிகளை வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: இதில் கறுப்பு இருக்கிறதா, இதில் இரும்புநீர் உண்டா? ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். பழையவை எல்லாம் தண்ணீர் இருந்த காலத்தில் அலசியவை. நம்பினார்களா, தெரியாது. நான் அவர்களாக இருந்தால் நம்பமாட்டேன்.

அவள் குரூப்பில் இல்லை. எனவே இதை அவள் படிக்கப்போவதில்லை. நாலு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செய்தியாக எழுதினேன்: ‘துணியைக் கட்டாதீர்கள்.’ பார்த்ததாகக்கூடக் காட்டவில்லை.

மே 13

வீட்டு முகவரி யாரிடமும் இல்லை. பார்சல்களை நாங்கள் இருபத்து நான்கு மணி நேரக் கடைகள் வழியாகத்தான் அனுப்புகிறோம், அவரவர் போய் வாங்கிக்கொள்வார்கள். அவள் வாங்கிய கடை ஃபெங்யுவானில், ரயில் நிலையத்துக்குப் பின்னால். இங்கிருந்து நான்கு நிறுத்தம். நான்கே நிறுத்தம். ஏழு நாளாக நான் இங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை போகிறேன். படத்தில் பார்த்த அவள் காலை உணவுக் கடை பக்கத்தில்தான் இருக்க வேண்டும், விசாரித்தால் சொல்வார்கள். என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். ‘வான்-நிங், தவறு என்னுடையது. துணியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன்.’ அவள் கத்தலாம், கத்தட்டும். துணியை என் முகத்தில் வீசலாம். அதற்குமேல் எனக்கு எதுவும் கற்பனைக்கு வரவில்லை. வருகிறது. எழுத மாட்டேன்.

மே 14

நடந்தது இது.

பார்சல் கடையில் கேட்டேன். கல்லாவிலிருந்த பெண் நிமிராமலே, “முதுகுல பாப்பாவோட அடை சுடுவாங்களே, அவங்களா? பின்சந்து, மஞ்சக் கூரை” என்றாள்.

நான் நினைத்ததைவிடச் சிறிய பெண். முதுகில் குழந்தை இருந்தது. வார் வைத்துத் தைத்த பழைய பூப்போட்ட துணியில், உயிரோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியை வைத்து மென்றுகொண்டு. இடது காலில் கணுக்கால் வரை வெள்ளைக் கட்டு.

என்னைப் படத்தில் பார்த்திருக்கிறாள். அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. “அக்கா,” என்றாள். கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்தாள். “நானே வரணும்னு இருந்தேன் அக்கா. கோச்சுக்காதீங்க. உங்க போனை எடுக்கவே பயமா இருந்துச்சு. துணியைக் கிழிச்சுட்டேன்.”

எப்போது என்று கேட்டேன்.

“துணி வந்து அஞ்சாம் நாள். முட்டை திருப்பிக்கிட்டு இருந்தேன், நடுவுல அப்படியே விட்டுருச்சு. பாப்பா இடுப்புப் பக்கமா சறுக்கி… கையில புடிச்சுட்டேன். கால் மட்டும் சூடான கல்லுல பட்டுருச்சு. கட்டத் தெரியாம கட்டிட்டேன் அக்கா. நீங்க அப்பவே சொன்னீங்கல்ல, முடிச்சு சரியில்லைன்னு. காணொளியப் பத்துத் தடவை பாத்தேன். மாமியார் அன்னைக்கிலேருந்து என்கூடப் பேசறதில்ல.”

 “முடிச்சு இல்ல,” என்றேன். “நூல். நூலை நான் சரியா அலசல. உன் மேல தப்பே இல்ல.”

“எனக்காகச் சொல்றீங்க அக்கா.”

உள்ளே போய் ஒரு சுத்தமான பையை எடுத்து வந்தாள். துணியை இஸ்திரி போட்டு மடித்திருந்தாள். கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள், எறும்பு வரிசை மாதிரி நுணுக்கமாக, ஒரு சாண் முழுவதும். எத்தனை இரவுகள் ஆகியிருக்கும்? நோட்டில் ஐந்தாவது பக்கம்: ‘அடுத்த அம்மாவுக்கு: நான் சரியாகக் கட்டாததால் கிழிந்துவிட்டது. தைத்திருக்கிறேன். துணி நல்ல துணி. மன்னிக்கவும்.’

நல்ல துணி.

நான் துணியின் நுனியிலிருந்து ஒரு கறுப்பு இழையை உருவி அவள் விரல்களில் வைத்தேன். “இழு.”

தயங்கினாள். இழுத்தாள். அறுந்தது. என்னைப் பார்த்தாள். அவளாகவே இன்னொன்றை உருவி இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது அறுந்தபின் நிமிரவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் குழந்தையின் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு முட்டை அடை, ஒண்ணுல காரம் வேணாம்,” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் கல்லுக்குத் திரும்பினாள். மாவை ஊற்றினாள், முட்டையை உடைத்தாள். நான் அங்கேயே நின்றேன்.

“தெரிஞ்சு எவ்ளோ நாளாச்சு?” என்றாள், திரும்பாமல்.

“எட்டு நாள்.”

அடையைத் திருப்பிப் போட்டாள். குழந்தை அந்தப் பிளாஸ்டிக் கரண்டியை என் பக்கம் நீட்டியது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆள் நிக்கறாங்க.”

அக்கா என்று சொல்லவில்லை. தள்ளி நின்றேன்.