இரண்டாவது படிவம்

கப்பல் பாய்லர் அறையின் பழைய ராஜாவுக்கு,

காப்பிக் குடுவைக்கு அடியில் இதை வைக்கிறேன். வேறு எங்கு வைத்தாலும் உன் கண்ணில் படாது.

நேற்று வக்கீல் ஹாஸ்கெட் அம்மாவைப் பார்த்தேன். திட்டாதே. "டாக்டர் நுரையீரல் நோயைச் சொன்ன தேதியிலேருந்து கேஸ் போட ரெண்டு வருஷம்தான் டைம். வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது. அவர் ஏன் இன்னும் கையெழுத்துப் போடல?" என்று கேட்டார்.

"என் கப்பல் மேல கேஸ் போட மாட்டேன்னு அடம் பிடிக்கிறார்" என்றேன்.

வக்கீல் அம்மா சிரித்துவிட்டார். "கப்பல் மேலயும் இல்ல, கடற்படை மேலயும் இல்ல. சூடு வெளிய வராம குழாய்ல சுத்துற ஆஸ்பெஸ்டாஸ வித்த கம்பெனி மேலதான்னு சொல்லுங்க. அந்தத் தூசிய சுவாசிச்சதுலதானே நோய் வந்தது."

ஆக, உன் கப்பல்மேல் ஒரு கீறலும் விழாது, கிழட்டு மாலுமியே.

நார்ஃபோக் துறைமுகத்தில் நாம் முதலில் குடியிருந்த வீடு நினைவிருக்கிறதா? வேலை முடிந்து தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வருவாய். "கப்பலுக்குள்ள பனி பெய்ஞ்சுதா?" என்று கேலி செய்துகொண்டே உன் சட்டைகளைக் கொல்லையில் உதறித் துவைப்பேன். நாலு வருஷம் உதறினேன். சந்தோஷமாகத்தான் உதறினேன்.

மேசையில் இரண்டு படிவங்கள் இருக்கின்றன. முதலாவதில் இன்றே கையெழுத்துப் போடு. இரண்டாவது என் பெயரில் இருக்கிறது. அதற்கு அவசரமில்லை, அதன் இரண்டு வருஷம் போன செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியது. அதில் நீ சாட்சி. அந்தச் சட்டைகள் உன்னுடையவை என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அவற்றைத் துவைத்தவள்