என் நடை தெரிந்தவளுக்கு

பெட்டியை மூடித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் அறை முழுக்கப் புது ரப்பர் வாசனை. உன் இடத்தில் இப்போது பாய் விரிக்கும் புதுப்பெண், "என்னக்கா வாசனை இது?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஷூ என்றேன். "ஓடப் போறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நீயாக இருந்தால் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, உன் காலில் மாட்டி, சுவரில் காலைத் தூக்கி வைத்து அழகு பார்த்திருப்பாய். எனக்குத்தான் பொருத்தம் என்று சண்டைக்கும் வந்திருப்பாய்.

சென்னைக்குப் போய், ஓட்டக்காரர்கள் வாங்கும் கடையில் வாங்கினேன். விலையைக் கேட்காதே. திட்டுவாய்.

எல்லாம் முழங்காலால் வந்தது. நின்றுகொண்டே ஒயர்க் கட்டுகளைச் சோதிக்கிற வேலை உனக்குத் தெரியும்தானே. ஷிப்ட் பாதியிலேயே வலது முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. அட்டைப்பெட்டி மேல் கொஞ்சம் உட்கார்ந்தேன். லைன் லீடர் பார்த்துவிட்டார். "உக்காந்து செய்யற வேல இங்க இல்லம்மா. முடியலன்னா சொல்லிடு, வேற ஆளு கீது" என்றார். டாக்டரோ பாதம் தட்டை என்றார். பாதத்தைத் தாங்குகிற ஷூ போடு, இல்லையென்றால் வேலையை விடு என்றார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு, வந்தவாசிக்குப் போய் நான் என்ன செய்ய? அங்கே எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினேன்.

அந்தக் கடையில் நீ இருந்திருக்க வேண்டும். "எந்த ஸ்போர்ட் மேடம்? ரன்னிங்கா, ஜிம்மா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

"நிக்கறதுக்கு" என்றேன்.

"நிக்கறதுக்கா?"

"ஒரகடத்துல கம்பெனி. ஷிப்ட் முழுக்க நிக்கணும்."

சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். வெடிப்பு விழுந்த குதிகாலை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பாதத்தை நனைத்து ஒரு தாளில் மிதிக்கச் சொன்னார். நடுவில் வளைவே இல்லாமல் தோசை மாதிரிப் பதிந்திருந்தது. "இப்ப நடங்க மேடம், நீங்க நடக்கறத பாக்கணும்" என்று, நின்ற இடத்திலேயே நடக்க வைக்கிற ஒரு மிஷினில் ஏற்றினார்.

என் நடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நினைத்தவள் அதுவரை நீ ஒருத்திதான்.

நீ ஒயர் வெட்டும் பிரிவு. நேரத்துக்கு வெளியே வந்துவிடுவாய். நான் கடைசிப் பெட்டி போன பிறகுதான் வர முடியும். கம்பெனி பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். பெண்கள் எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, தூசிக்கு முகத்தைச் சுற்றிக் கட்டிய துப்பட்டா. கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து டிரைவர் அண்ணனிடம் கத்துவாய்: "அண்ணே, எடுத்துராதீய! அந்தா எங்காளு வாரா!"

"அல்லாம் ஒரே மாரி கீறாங்க. உனுக்கு மட்டும் எப்டிம்மா தெரியுது?" என்பார் அவர்.

"மூஞ்சிய எதுக்குண்ணே பாக்கிய? காலப் பாருங்க. சோத்தாங்கைப் பக்கத்துக் காலு உள்ள திரும்பி வருதா? அவதான்."

நான் மூச்சு வாங்க ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் தொடையில் அடிப்பாய். "ஏட்டி, ஒன் வலது காலு எடது காலுகிட்ட ரகசியம் சொல்லப் போற மாதிரியே வருது. ஆயிரம் பேருல நின்னாலும் ஒன்னக் கண்டுபிடிச்சிருவேன்." பஸ்ஸே சிரிக்கும். நான் ஸ்ரீபெரும்புதூர் வரும் வரை உன்னோடு பேச மாட்டேன். இறங்கியதும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வாய்.

கடைக்காரர் நான் நடந்ததைப் பின்னாலிருந்து படம் பிடித்துத் திரையில் காட்டினார். இடுப்புக்குக் கீழேதான் படம், முகம் இல்லை. இருந்தும் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. வலது கால் உள்ளே திரும்பியது, இடது காலிடம் குனிந்தது. நீ சொன்னது அப்படியே.

"இன்னொரு தடவ போடுங்க" என்றேன்.

"ப்ராப்ளம் எங்கன்னு பாக்கறீங்களா மேடம்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நீ தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. உன் நடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று, நீ பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாய். இல்லையென்றால் என் பக்கத்திலேயே வருவாய். தூரத்திலிருந்து நீ வருவதைப் பார்க்க எனக்கு வாய்க்கவே இல்லை.

பொங்கலுக்குச் சங்கரன்கோவில் பக்கம் உன் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. மஞ்சள் காமாலை என்று உன் அண்ணன் போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ இல்லாமல் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. ஒருநாளும் போகவில்லை. என் லைன் இப்போது சீக்கிரம் முடிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து யாரோடும் பேசாமல் வந்து இறங்குவேன். தனியாக இருக்கிறதடி. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

புது ஷூவை மாட்டி மறுபடி நடக்கவைத்தார் கடைக்காரர். திரையில் எவளோ ஒருத்தி கம்பீரமாக நேராக நடந்தாள். "சூப்பர் மேடம், ஃபுல்லா சரியாயிடுச்சி" என்றார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வேறு வழியும் இல்லை.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பொய் சொல்லக் கூடாது, முழங்கால் மூச்சுக்கூட விடவில்லை. ஷிப்ட் முடிந்து ஜம்மென்று நடந்து வந்தேன். நம் பஸ் என் கண்ணெதிரே நகர்ந்தது. கத்திக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார் அண்ணன்.

"அட, நீயாம்மா! உன் நடைய பாத்துதானே டெய்லி வண்டிய நிறுத்தி வெச்சுக்கினு இருப்பேன். அந்தப் பொண்ணு காமிச்சுக் குட்த்துச்சே, காலப் பாருண்ணேன்னு. இன்னிக்கி யாரோ நேரா வருதேன்னு வுட்டுட்டேன்."

உன் சீட்டில் உட்கார்ந்து, துப்பட்டாவை அவிழ்க்காமல், ஸ்ரீபெரும்புதூர் வரும் வரை அழுதேன். இத்தனை மாதமாக எனக்காக வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவள் நீ.

இன்றும் லைனில் ஷூதான். அது இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலில் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பழைய செருப்பை மாட்டினேன். வலது கால் தன் பாட்டுக்கு உள்ளே திரும்பியது. முழங்கால் வலித்தது. வலிக்கட்டும், பஸ் வரைக்கும்தானே. தூரத்திலேயே அண்ணன் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். எத்தனை ஷூ வாங்கினாலும் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் உனக்குத் தெரிந்த மாதிரியே நடப்பேன்.